இல்லாத ரோட்டில் இரண்டு வாரம்

அமெரிக்காவில் ஒரு ரோடு இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் இல்லை. 1985 ஜூனில் ‘இனி இப்படி ஒரு நெடுஞ்சாலை கிடையாது’ என்று பதிவேட்டில் அடித்துவிட்டு, நம்பர் போர்டுகளைக் கழற்றிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அதற்கு மவுசு! ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விமானம் ஏறி வந்து, ஹார்லி டேவிட்சனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, அந்த இல்லாத ரோட்டில் ஆட்கள் போகிறார்கள்.

பெயர், ரூட் 66. சிகாகோவில் ஆரம்பித்து எட்டு மாநிலங்கள் வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கடற்கரை வரை. மொத்தம் 2,448 மைல். நம் கணக்கில் ஏறக்குறைய 3,940 கிலோமீட்டர்.

என்னிடம் அமெரிக்கப் பயணம் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கம்பெனி வேலையாகப் போகிற இளைஞர்கள். “சார், பதினஞ்சு நாள் லீவு சேத்து வெச்சிருக்கோம். நாலு பேர், ஒரு கார். நயாகரா, கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ், டிஸ்னிலேண்ட்... எல்லாத்தையும் ஒரே ரவுண்டுல முடிச்சிடலாமா?”

முடிக்கலாம். ரிசப்ஷன் வரிசையில் நின்று, மொய் கவரைக் கொடுத்து, போட்டோவுக்குப் பல்லைக் காட்டிவிட்டுப் பந்திக்கு ஓடுகிறோமே, அந்த மாதிரி முடிக்கலாம். மாப்பிள்ளை பேர் என்ன என்று மறுநாள் கேட்டால் தெரியாது.

ஊர் பார்ப்பது வேறு, ரோடு பார்ப்பது வேறு. நான் சொல்ல வந்தது இரண்டாவது வகை.

*

முதலில் நம்பர் கதை. 1920-கள் வரை அமெரிக்க ரோடுகளுக்குப் பெயர்தான், நம்பர் இல்லை. ஒரே ரோட்டுக்கு ஊருக்கொரு பெயர். குழப்பம் தாங்காமல் கமிட்டி போட்டார்கள். கிழக்கு மேற்காகப் போனால் இரட்டைப்படை, வடக்கு தெற்காகப் போனால் ஒற்றைப்படை. கிழக்கு மேற்காகப் போகும் முக்கியமான ரோடு என்றால் கடைசியில் பூஜ்யம்.

ஒக்லஹோமாவில் டல்சா என்ற ஊர்க்காரர் சைரஸ் ஏவரி. மாநில நெடுஞ்சாலை கமிஷனர். தன்னுடைய சிகாகோ - லாஸ் ஏஞ்சல்ஸ் ரோட்டுக்கு 60 வேண்டும் என்றார். கென்டக்கி கவர்னர் விடவில்லை. “எல்லோருக்கும் பூஜ்யம் கிடைத்தது, எங்கள் மாநிலத்துக்கு மட்டும் ஒன்றுமில்லையா?” என்று மல்லுக்கு நின்றார். (பூஜ்யம் கிடைக்கவில்லை என்று சண்டை போட்ட ஒரே அரசியல்வாதி இவராகத்தான் இருக்கும்.) 62 தருகிறோம் என்றார்கள். ஏவரிக்குப் பிடிக்கவில்லை. பட்டியலைப் பார்த்தார். 66 யாருக்கும் போகாமல் கிடந்தது. 1926 ஏப்ரல் 30-ம் தேதி மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து தந்தி அடித்தார்கள்: அது போதும். நவம்பர் 11-ல் அதிகாரபூர்வமாகிவிட்டது. அந்தக் கணக்கில் ரூட் 66-க்கு நூறு வயது, 2026 நவம்பர் 11.

மற்ற பெரிய ரோடுகள் ஸ்கேல் வைத்த மாதிரி போக, இது மட்டும் குறுக்கும் கோணலுமாகப் போகும். காரணம், ஊர் ஊராகக் கடைத்தெருவை இழுத்துக் கட்டிச் செய்த ரோடு. டல்சாவுக்குள்ளும் நுழைந்து போகும். சொந்த ஊர் வழியாக ரோடு போகும்படி பார்த்துக்கொள்ளும் கலை நம்மவர்களுக்கு மட்டும்தான் கைவந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும் கலையும் அங்கே உண்டு. நியூ மெக்ஸிகோவில் ரோடு சான்டா ஃபே என்ற தலைநகரைச் சுற்றிக்கொண்டு போனது. 1926 தேர்தலில் கவர்னர் ஹானெட் தோற்றார். தலைநகரத்து அரசியல்வாதிகள்தான் கவிழ்த்துவிட்டார்கள் என்று கோபம். பதவி போவதற்கு இன்னும் சில வாரம் பாக்கி. சர்க்கார் இயந்திரங்களையெல்லாம் இறக்கி, பனியில், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், சான்டா ஃபேயைத் தவிர்த்து நேராக ஒரு ரோடு. ஏறக்குறைய எழுபது மைல்! புது கவர்னர் ஆள் அனுப்பி நிறுத்துவதற்குள் வேலை முடிந்துவிட்டது. 1937-ல் ரூட் 66 அந்த நேர்வழிக்கே மாறிவிட்டது. சான்டா ஃபே, ரூட்டில் இல்லாமல் போனது.

ஒரு ரோடு ஊருக்குள் வருவதும் வராமல் போவதும் எத்தனை பெரிய விஷயம் என்று அந்தக் கோபக்கார மனிதருக்குத் தெரிந்திருந்தது.

*

1930-களில் ஒக்லஹோமா, டெக்ஸாஸ் பக்கமெல்லாம் மழை பொய்த்து, மண் புழுதியாகப் பறந்தது. விவசாயிகள் படுக்கை, பாத்திரம், பாட்டி எல்லாவற்றையும் ஓட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். இந்த ரோட்டில்தான். ஜான் ஸ்டைன்பெக் 1939-ல் எழுதிய நாவல் அவர்களைப் பற்றியது. ரூட் 66-ஐத் ‘தாய்ச் சாலை’ என்று எல்லோரும் சொல்வது அந்த நாவலிலிருந்து வந்தது.

போனவர்களை யார் வரவேற்றார்கள்? 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் தலைவர் 136 போலீஸ்காரர்களை மாநில எல்லைக்கு அனுப்பினார். ஊருக்கும் எல்லைக்கும் நூற்றுக்கணக்கான மைல். அவர் அதிகாரம் அங்கே செல்லாது. இருந்தாலும் நிறுத்தினார்கள். கையில் காசில்லையா, வேலை இருக்கிறதென்று சொல்ல முடியவில்லையா, திரும்பிப் போ. சொந்த தேசத்துக்குள், பாஸ்போர்ட் விசா எதுவும் கேட்காமல், பர்ஸைப் பார்த்து அனுப்பிய எல்லை! விசாவுக்கு வரிசையில் நின்ற நம் பையன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யுத்தம் முடிந்தது. 1946-ல் பாபி ட்ரூப் இந்த ரோட்டைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். நாட் கிங் கோல் பாடி ஹிட் ஆக்கினார். வழியெங்கும் மோட்டல், நியான் விளக்கு, பெட்ரோல் பங்க், ஐஸ்க்ரீம். வாங்க, வாங்க!

யாரை வாங்க என்றார்கள் என்பதுதான் கேள்வி. நாட் கிங் கோல் கறுப்பர். தான் பாடிய அதே ரோட்டில் பல மோட்டல்களில் அவருக்கு ரூம் கிடைத்திருக்காது. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் இருக்கக்கூடாது என்று விதி வைத்த ஊர்கள் பல. அதனால்தான் நியூயார்க்கில் விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-ல் ஒரு கையேடு போட்டார். எந்த ஊரில் எந்த வீட்டில் படுக்கை கிடைக்கும், எங்கே சாப்பாடு போடுவார்கள், எங்கே முடி வெட்டுவார்கள் என்று விலாசங்கள். ‘க்ரீன் புக்’ என்று முப்பது வருஷம் வந்தது. 1948-ல் கோல் லாஸ் ஏஞ்சல்ஸில் பணக்காரத் தெருவில் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தார் சங்கம் கூட்டி எதிர்த்தார்கள். அவர் அசையவில்லை. அங்கேயே குடியிருந்தார்.

பழைய ரோட்டில் ஒக்லஹோமாவின் லூதர் பக்கம் போனால், த்ரெட் என்ற கறுப்பர் குடும்பம் நடத்திய பெட்ரோல் பங்க் கட்டடம் இருக்கிறது. கல்லில் கட்டிய சின்னக் கட்டடம். போட்டோவுக்கு அத்தனை பிரமாதமாக இராது. ஆனாலும் நிறுத்துங்கள். ‘இங்கே நிறுத்தலாம்’ என்று ஒருவனுக்குத் தெரிவது எத்தனை பெரிய ஆறுதல் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

*

ரோட்டைக் கொன்றவர் ஐசன்ஹோவர். கெட்டவர் இல்லை. 1919-ல் இளம் ராணுவ அதிகாரியாக வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு லாரிப் படையோடு போனார். 62 நாள் ஆனது! மாட்டு வண்டி வேகம். அப்புறம் யுத்தத்தில் ஜெர்மனியின் ஆட்டோபானைப் பார்த்தார். ஜனாதிபதியானதும் 1956-ல் கையெழுத்துப் போட்டார்: 41,000 மைலுக்கு இன்டர்ஸ்டேட். சிக்னல் இல்லை, குறுக்குத் தெரு இல்லை, ஊரும் இல்லை. ரூட் 66-க்குப் பக்கத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக அகல ரோடு வந்தது. கடைசியாக பைபாஸ் ஆன ஊர் அரிஸோனாவின் வில்லியம்ஸ், 1984 அக்டோபரில்.

இதையெல்லாம் படித்துவைத்துக்கொண்டுதான் டல்லஸில் இருக்கும் அக்கா பையனோடு கிளம்பினேன். சாஃப்ட்வேர். பயணத்துக்கு எக்ஸெல் ஷீட் போட்டிருந்தான். நாளுக்கொரு ஷீட், மணிக்கொரு வரிசை. ‘டாய்லெட் - 7 நிமிஷம்’ என்றுகூட ஒரு கட்டம்.

“மாமா, அமரில்லோவுலேர்ந்து ஐ-40 பிடிச்சா எல்.ஏ. பதினாறு மணி நேரம். நீங்க சொல்ற ரோட்டுல போனா...”

“போனா?”

“தெரியல மாமா. கம்ப்யூட்டரே சொல்ல மாட்டேங்குது!”

சொல்லாது. பழைய ரோடு எங்கெங்கோ துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதில் ஏறியதும் ஜி.பி.எஸ். அம்மாள் ‘திரும்பு, திரும்பு’ என்று மாமியார் மாதிரி நச்சரிக்க ஆரம்பித்தாள். அவளை அணைத்துவிட்டு மேப்பை மடியில் விரித்துக்கொண்டேன்.

அமரில்லோவில் ஒரு ஹோட்டல். 72 அவுன்ஸ் மாட்டுக்கறி, அதாவது இரண்டு கிலோ, கூட உருளைக்கிழங்கு வகையறாக்கள். ஒரு மணி நேரத்தில் தின்று முடித்தால் பில் கிடையாது. 1960-ல் ரூட் 66-ல் ஆரம்பித்தது. புது ரோடு வந்ததும் 1970-ல் ஹோட்டலையே இன்டர்ஸ்டேட் ஓரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பிழைத்தார்கள்.

மாற முடியாதவர்கள் கதி? டெக்ஸாஸ் எல்லையில் க்ளென்ரியோ. அங்கே ஒரு மோட்டலின் போர்டு. ஒரு பக்கம் பார்த்தால் டெக்ஸாஸின் கடைசி மோட்டல், மறு பக்கம் பார்த்தால் முதல் மோட்டல். இப்போது கூரை இல்லை, எழுத்துகள் இல்லை, ஊரே இல்லை. ஜன்னல் வழியாகப் புல் எட்டிப் பார்க்கிறது. கூப்பிடு தூரத்தில் ஐ-40-ல் லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன. அக்கா பையன் ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். அப்புறம், “ஏன் மாமா, இங்க ஸ்கூல் பசங்கல்லாம் இருந்திருப்பாங்கல்ல?” என்றான்.

எக்ஸெல்லில் அந்த இடத்துக்கு வரிசையே கிடையாது.

அன்று ராத்திரி தங்கிய மோட்டல் நம்மவர்களுடையது. குஜராத்தி. அமெரிக்க மோட்டல்களில் பாதிக்குமேல் இந்திய வம்சாவளியினர் கையில். அவர்களில் பெரும்பாலோர் படேல்கள். பைபாஸ் வந்து பழைய ரோட்டு மோட்டல்கள் அடிமாட்டு விலைக்குப் போனபோது துணிந்து வாங்கியவர்கள். ஆபீசுக்குப் பின்னாலேயே குடித்தனம்; பெட்ஷீட் துவைப்பதிலிருந்து ரிசப்ஷன் வரை குடும்பமே ஆள். அப்போது போட்டிக்காரர்கள் சிலர் ‘இது அமெரிக்கருக்குச் சொந்தமான மோட்டல்’ என்று வாசலில் போர்டு வைத்தார்களாம். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “அவங்க போர்டு வெச்சாங்க. நாங்க டீ வெச்சோம்.”

*

அரிஸோனாவில் செலிக்மன். இந்தக் கதையின் ஹீரோ ஒரு பார்பர். ஏஞ்சல் டெல்காடிலோ, 1927-ல் அதே ஊரில் பிறந்தவர். ரோட்டோரம் சலூன். 1978 செப்டம்பர் 22-ம் தேதி ஐ-40 திறந்தார்கள். அத்தனை நாளும் ரோட்டைக் கடக்கக் காத்திருக்க வேண்டிய ஊரில், அன்றைக்கே வண்டி நின்றுபோனது. கடைகள் மூடின. ஜனங்கள் மூட்டை கட்டினார்கள்.

பார்பர் போகவில்லை. யார் யாருக்கோ கடுதாசி எழுதினார். பதில் இல்லை. 1987 பிப்ரவரியில் உள்ளூர்க்காரர்களைக் கூட்டிச் சங்கம் ஆரம்பித்தார். ‘இந்த ரோட்டைச் சரித்திர ரோடு என்று அறிவியுங்கள்’ என்பது ஒரே கோரிக்கை. அதே வருஷக் கடைசியில் செலிக்மன் - கிங்மன் பகுதியை அரிஸோனா அப்படியே அறிவித்தது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களிலும் சங்கங்கள். 2006-ல் வந்த ‘கார்ஸ்’ கார்ட்டூன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்காக பிக்ஸார் ஆட்கள் இந்த ரோட்டில்தான் சுற்றிச் சுற்றிக் கதை சேகரித்தார்கள்.

முதலமைச்சரோ, கோடீஸ்வரரோ இல்லை. முடி வெட்டுகிறவர், ஒரு தேசத்தின் நெடுஞ்சாலையைத் தூக்கி நிறுத்தினார்!

பக்கத்திலேயே அவர் அண்ணன் ஹுவான் 1953-ல் கட்டிய தின்பண்டக் கடை. ‘ஸாரி, திறந்திருக்கிறோம்’ என்று போர்டு. கதவில் இரண்டு கைப்பிடி, ஒன்று பொய். ரெகுலராக வருகிறவனுக்கு எது என்று தெரியும். புதுசாக வருகிறவன் இழுத்து இழுத்து அசடு வழிவான். அக்கா பையன் வழிந்தான்.

அங்கிருந்து கிங்மன் வரை பழைய ரோடு ஐ-40-ஐவிட ஒரு பதினைந்து மைல் கூடுதல். வழியில் பர்மா ஷேவ் விளம்பரப் பலகைகள். 1925-லிருந்து 1963 வரை அமெரிக்கா முழுக்க இருந்தவற்றின் நகல். பலகைக்கு ஒரு வரியாகப் பாட்டு. கடைசிப் பலகையில் கம்பெனி பெயர். மெதுவாகப் போனால்தான் படிக்க முடியும். கார்கள் வேகமானதும் விளம்பரமும் போயிற்று.

கிங்மன் தாண்டி மலை. கொண்டை ஊசி வளைவுகள், தடுப்புச் சுவர் பேருக்கு. அந்தக் காலத்து ஃபோர்டு கார்களில் பெட்ரோல் தானாகத்தான் இன்ஜினுக்கு இறங்க வேண்டும். ஏற்றத்தில் இறங்காது. அதனால் ரிவர்ஸிலேயே மலை ஏறினார்களாம்! மலைக்கு அந்தப் பக்கம் ஓட்மன். சுரங்கம் போனது, கழுதைகள் மட்டும் மிச்சம். சந்ததி சந்ததியாக நடுரோட்டில் உலாத்துகின்றன. ஒன்று எங்கள் காரை மறித்துக்கொண்டு இருபது நிமிஷம் யோசித்தது.

“இதுக்கு எந்த கட்டத்துல போடறது மாமா?” என்றான்.

*

இனி, ப்ளான் போடுகிறவர்களுக்கு.

முழு ரூட்டுக்கும் இரண்டு வாரம். ஒரு நாளைக்கு 175, மிஞ்சினால் 200 மைல். அதற்குமேல் போட்டால் கார் ஓட்டுவீர்கள், ரோடு பார்க்க மாட்டீர்கள். ஐந்து நாள்தான் இருக்கிறதென்றால் அல்புகர்க்கியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போதும்.

கிழக்கிலிருந்து மேற்கே போங்கள். சரித்திரம் போன திசை அதுதான். காலையில் வெயில் முதுகில். சாயங்காலம் கண்ணில் குத்துவதற்குள் மோட்டலைப் பிடித்துவிடுங்கள்.

செப்டம்பர், அக்டோபர் உத்தமம். வசந்தத்தில் ஒக்லஹோமா, டெக்ஸாஸில் சூறாவளி. கோடையில் மொஹாவி பாலைவனம் 40 டிகிரி செல்ஷியஸைச் சுலபமாகத் தாண்டும். வேலூரே தேவலை. அங்கே பாலங்கள் அரித்துப்போய் சில பகுதிகள் மூடியிருப்பதும் உண்டு. முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பாதி டாங்குக்குக் கீழே போக விடாதீர்கள். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்.

பழைய ரோட்டில் எண்பது சதவீதத்துக்குமேல் இன்னும் ஓட்டலாம். ஆனால் செல்போன் வழி காட்டாது, சிக்னலும் போய்விடும். ஜெர்ரி மெக்லானஹன் எழுதிய ‘ஈஸி 66’ என்ற கைடு திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்கிறது. ஒருவர் ஓட்ட, ஒருவர் படிக்க.

வாடகைக் கார் 25 வயதுக்குக் குறைவானவர்களுக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் அதற்குத் தனி. இரண்டையும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கும் சந்திப்பில் முதலில் வந்தவர் முதலில் போகலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் முதலில் ஹாரன் அடித்தவர் இல்லை.

வழியில் மணி இரண்டு முறை மாறும். அரிஸோனா மட்டும் கோடையில் கடிகாரத்தைத் திருப்பாது. அரிஸோனாவுக்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினர் பகுதி திருப்பும். தலை சுற்றினால் பசித்தபோது சாப்பிடுங்கள்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். நியூ மெக்ஸிகோவில் எந்த ஹோட்டலிலும் “ரெட் ஆர் க்ரீன்?” என்று கேட்பார்கள். மிளகாய்க் குழம்பு சிவப்பா பச்சையா என்று அர்த்தம். அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியே அதுதான், சட்டசபையில் நிறைவேற்றியிருக்கிறார்கள்! “கிறிஸ்துமஸ்” என்றால் இரண்டும் வரும். சீஸ் என்சிலாடாவோடு சாப்பிட்டால் நாக்கில் ஊர் ஞாபகம் வரும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு ரோடுகளும் உண்டு. வர்ஜீனியாவிலிருந்து வட கரோலைனா வரை மலைமுகட்டிலேயே போகும் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே 469 மைல். 1935-ல் ஆரம்பித்து 1987-ல்தான் முடித்தார்கள். லாரிக்கு அனுமதி இல்லை. கலிஃபோர்னியாவின் ஹைவே 1 கடலோர மலைவிளிம்பில் போகும். மண் சரிந்து அடிக்கடி மூடிவிடுவார்கள். மான்டனாவில் பனிமலையைக் கடக்கும் ரோடு 1933-ல் திறந்தது. ஐம்பது மைல்தான், கோடையில் மட்டும். மூன்றும் கொள்ளை அழகு. ஆனால் அவை மலையும் கடலும் பார்க்கப் போட்ட ரோடுகள். 66, மனுஷர்களைப் பார்க்க.

அதனால் கடைசி யோசனை: தினம் இரண்டு மணி நேரம் எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். சின்ன ஊரில் நிறுத்தி, கல்லாவில் இருப்பவரிடம் ஒரு காபி வாங்குங்கள். பெட்ரோலை அங்கே போடுங்கள். நீங்கள் நிறுத்துவதால்தான் அந்த ஊர் நிற்கிறது.

சான்டா மோனிகா கடல் பாலத்தில் ‘ரூட் 66 முடிவு’ என்று ஒரு போர்டு இருக்கும். எல்லோரும் அதன் கீழ் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அது 2009-ல் வைத்தது. ரோடு நிஜமாக முடிந்தது சற்றுத் தள்ளி, லிங்கன், ஒலிம்பிக் என்ற இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில். அங்கே கடலும் இல்லை, கூட்டமும் இல்லை. பச்சை விளக்கு விழுந்து இரண்டு விநாடி தாமதித்தால் பின்னால் இருக்கிறவர் ஹாரன் அடிக்கிறார்.